ஆந்தை இன்னும் வரவில்லை

— இன்னொரு தடவை போடு தம்பி.

— அக்கா, காலையிலேர்ந்து இதையேதான் போட்டுக்கிட்டிருக்கேன். இந்த ரெக்கார்டிங் ரூம் சுவருக்கே மனப்பாடம் ஆயிருக்கும்.

— பரவால்ல, போடு. நான் கண்ணை மூடிக்கறேன். கண்ணை மூடினாத்தான் எனக்குக் காது தொறக்கும்.

— ‘கதவு திறந்தே இருந்தது. ஆனாலும் அவன் தட்டினான். உள்ளிருந்து யாரும் வரவில்லை. திறந்திருக்கும் கதவைத் தட்டுகிறவனுக்கு யார் வந்து திறப்பார்கள்?’

— நிறுத்து. அந்த ‘யார் வந்து’ங்கற இடத்துல குரல் கீழ இறங்குது, கேட்டியா? அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. பாதி ஆயுசு டப்பிங் பேசியே கழிச்சாச்சு, எனக்கு அப்படி இறங்கத் தெரியாது.

— அதாவதுக்கா, குரல் நல்ல குரல்தான். இல்லேங்கல. ஆள் எங்க?

— அதான் எனக்கு ஒண்ணும் ஓடல. குரல் நாள் போட்டியில ஜெயிச்சவங்க, அவங்க எடுத்த பறவைச் சீட்டோட இன்னைக்குக் காலையில நம்ம டப்பிங் சங்கத்துக்கு வரணும்னு நேத்தே வாசல்ல ஒட்டியாச்சு. இரண்டாவதா வந்த மைனா, நாம கதவைத் தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து கீழ பெஞ்சுல உக்காந்திருக்கா. முதலாவதா வந்த ஆந்தையைக் காணோம்.

— ஆந்தை பகல்ல எப்படிக்கா வரும்?

— உனக்குச் சிரிப்பா இருக்கு. ஒலிக்கதைக் கம்பெனிக்கு நான்ல பதில் சொல்லணும்.

— ஒழுங்கா ஆளுங்க பேரை எழுதி வாங்கியிருந்தா இந்தக் கூத்து வந்திருக்காதுக்கா. சீட்டுல பறவைப் பேரை எழுதி, டப்பாவுல போட்டு, பின்பக்கப் படிக்கட்டுல வெச்சு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோன்னு... நாம தேடறது ஆளையா, பறவையையா?

— பேர் எழுதினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? இது எங்க மச்சான் பையன், அது அவரோட கொழுந்தியான்னு ஆளாளுக்கு எங்காதுல ஓதுவாங்க. பேரும் வேண்டாம், முகமும் வேண்டாம். படிக்கட்டு வழியா உள்ள வா, கண்ணாடிக்குத் திரை போட்டிருக்கும், பறவைப் பேரைச் சொல்லு, பேப்பரைப் படி, போ. எனக்கும் கம்பெனிக்காரங்க ரெண்டு பேருக்கும் குரல் மட்டும் வரணும். அப்படிச் செஞ்சதாலதானே இந்தக் குரல் கிடைச்சுது?

— கிடைச்சுது. ஆனா காணாமப் போச்சு.

— கம்பெனிக்கு மத்தியானத்துக்குள்ள பேர் சொல்லணும். அவங்க ஒலிக்கதை வரிசைக்கு முழுசா ஒரே கதைசொல்லி. ரெண்டு வருஷ வேலை. சாயங்காலம் பொதுக்குழு. ‘இதோ பாருங்க, வெளிய நின்ன ஆளு, நாம கதவைத் தொறந்ததும் உள்ள வந்த ஆளு’ன்னு நிறுத்திக் காட்டணும்னு இருந்தேன். இப்ப யாரைக் காட்டறது? ஸ்பீக்கரையா?

— அக்கா, படிக்கட்டுல யாரோ உறுமறாங்க.

— அது உறுமல் இல்ல, செயலாளர் இருமல். இந்தச் சங்கத்துல யார் இருமினாலும் யாருன்னு எனக்குத் தெரியும். அவர் இருமினா மட்டும் ஒருத்தனைக் கொல்லப் போற மாதிரி இருக்கும். வாங்கண்ணே.

— வந்துட்டேன் தலைவரே. என்ன, ரூம் இழவு வீடு மாதிரி இருக்கு? என்னைக் கேட்டா... கேக்க மாட்டீங்க.

— கேக்கறேன். உக்காருங்க. நேத்து நீங்க இருந்திருக்கணும். நடுவரா வாங்கன்னு அவ்வளவு கெஞ்சினேன், முறுக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க.

— எனக்குப் பிடிக்காத காரியத்துக்கு நான் எதுக்கு வந்து தலையாட்டணும்? உள்ள இருக்கறவனுக்கே பாதி நாள் வேலை இல்ல. நீங்க பந்தி போட்டு ஊரையே கூப்பிடறீங்க.

— பந்தி இல்லண்ணே, கதவு. பழைய சட்டம் என்ன? சங்கத்துக் கார்டு இருந்தாத்தான் வேலை. ஏற்கனவே வேலை பார்த்திருந்தாத்தான் கார்டு. புதுசா வர்றவங்க எந்தப் பக்கம் நுழையறது, ஜன்னல் வழியாவா?

— நாங்கள்லாம் அப்படித்தான் நுழைஞ்சோம்.

— அதனாலதான் பாதிப் பேருக்கு இன்னும் முட்டியில தழும்பு இருக்கு.

— சரி, விடுங்க. சாயங்காலம் என் தீர்மானம் வரும். குரல் நாள் திட்டத்தை நிறுத்தணும்னு எழுதியாச்சு, பாதிப் பேர் கையெழுத்தும் போட்டாச்சு. நீங்க உங்க பக்கம் பேசுங்க, நான் என் பக்கம் பேசறேன். ஆமா... நேத்து எப்படி நடந்துச்சு?

— அதைத்தான் சொல்ல வர்றேன். ஒரு குரல் வந்துச்சுண்ணே.

— ஒண்ணுதானா?

— நிறைய வந்துச்சு. ஆனா இது ஒண்ணு. ஆந்தைன்னு சீட்டு எடுத்தவர். ஆம்பளைக் குரல். வயசு கண்டுபிடிக்க முடியல.

— அப்படி என்ன பெரிய குரல்? சும்மா ஏதாவது மெல்லிசா, தேன் தடவின மாதிரி பேசியிருப்பான். நீங்க மயங்கிட்டீங்க.

— நான் மட்டுமா? அந்தக் கம்பெனி அம்மா அழுதாங்க.

— அழுதாங்களா?

— கர்ச்சீப்பை எடுத்துத் தொடைச்சுக்கிட்டாங்க.

— யாரு, அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவா?

— ஆமா.

— ம். அப்படி... எந்த இடத்துல அழுதாங்க?

— எங்கயோ ஒரு இடத்துல. இருங்க, போட்டுக் காட்டறேன். தம்பி, அண்ணனுக்குப் போடு. அண்ணே, எங்க எழுந்து போறீங்க?

— தண்ணி குடிச்சிட்டு வர்றேன். நீங்க கேளுங்க. எனக்கு வேண்டாம்.

— இப்பதான் வந்தீங்க, அதுக்குள்ள தண்ணியா?

— தொண்டை தலைவரே. நேத்து ஒரு படத்துல மாடியிலேர்ந்து விழுந்து செத்தேன். டைரக்டருக்குத் திருப்தியே இல்ல, ‘இன்னும் கொஞ்சம் கத்திக்கிட்டே விழுங்க சார்’னு அஞ்சாறு தடவை விழ வெச்சுட்டான்.

— உக்காருங்க, தம்பி தண்ணி கொண்டு வருவான். உங்களை இன்னும் எத்தனை தடவைதான் கொல்லுவாங்க?

— நான் பேசின அத்தனை பேரும் செத்துட்டானுங்க. கத்தியில, துப்பாக்கியில, லாரியில. ஒருத்தன் முதலை வாயில போனான். ஒரு கதையிலகூட நான் கடைசி வரைக்கும் உசிரோட இருந்ததில்ல. வீட்டுல ‘சோறு போடு’ன்னா என் பேத்தி கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கறா.

— அதுக்கு நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசலாம்.

— மெதுவாப் பேசறது எப்படின்னு மறந்தே போச்சு. முதல் படத்துல உறுமச் சொன்னாங்க, உறுமினேன். அப்புறம் யாரும் நிறுத்தச் சொல்லல. ஆனா கதை சொல்றவனுக்கு அந்தத் தொல்லை இல்ல, பாருங்க. எல்லாரும் செத்தாலும் அவன் இருக்கணும். இல்லேன்னா யார் சொல்றது?

— என்ன சொல்றீங்க?

— ஒண்ணுமில்ல. இந்தாப்பா, தண்ணி வந்துடுச்சு.

— அக்கா, ஒரு நிமிஷம். அதாவதுக்கா, காலையிலேர்ந்து எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன்.

— மென்னு முழுங்காத. சொல்லு.

— நேத்து வந்தவங்கள்ல யார் பேசினதைக் கேட்டாலும் நடுவுல ‘சரக் சரக்’னு பேப்பர் சத்தம் வரும். புதுசா வர்றவங்க எல்லாரும் மைக்குக்கு முன்னாடியே பக்கத்தைப் புரட்டுவாங்க. மூச்சையும் மைக்குல நேரா விடுவாங்க, புயல் அடிக்கற மாதிரி இருக்கும். நான் அதை எல்லாம் சுத்தம் பண்ணித்தான் வெச்சேன். ஆந்தையோடதுல சுத்தம் பண்ண ஒண்ணுமே இல்ல.

— அதனால?

— பேப்பர் சத்தம் இல்ல. மூச்சு இல்ல, அதாவது முகத்தைத் திருப்பிக்கிட்டு மூச்சு வாங்கியிருக்கார். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா நின்னிருக்கார், யாரும் பேசாத வெறும் ரூம் சத்தமும் எனக்குப் பதிவாகணும்னு தெரிஞ்ச மாதிரி. முடிச்சப்புறமும் சிவப்பு லைட் அணையற வரைக்கும் அசையல. அக்கா, இது புது ஆள் இல்ல.

— என்னடா சொல்ற?

— நம்ம ஆள். கார்டு வெச்சிருக்கற ஆள். ரொம்பக் காலமா மைக் முன்னாடி நிக்கற ஆள்.

— டேய் தம்பி, உனக்கு வேற வேலை இல்லையா? பேப்பர் சத்தம் வரலன்னா ஒருத்தன் பழைய ஆளா? அவன் கை சுத்தமான கையா இருக்கும்.

— இல்ல சார், எனக்கு நிச்சயமாத் தெரியும்.

— இருங்கண்ணே. தம்பி, நீ சொல்றதைக் கேட்டா கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. நம்ம ஆள்னா யாரு? நம்ம சங்கத்துல எந்தக் குரல் எனக்குத் தெரியாது? கொட்டாவி விட்டாலே பேரைச் சொல்லுவேன். இப்படி ஒரு குரல் நம்ம கூட இருந்து நான் கேக்காம இருந்திருப்பேனா?

— அது எனக்குத் தெரியலக்கா. எனக்குப் பேப்பர் சத்தம்தான் தெரியும்.

— மைனாவோடது?

— அதுவும் ஒரு வேடிக்கைக்கா. அதுலயும் பேப்பர் சத்தம் இல்ல. ஆனா மூச்சு புயல்தான். சிவப்பு லைட்டு அணையறதுக்குள்ள ‘அப்பாடா’ன்னு வேற ஒரு சத்தம். அது சத்தியமாப் புது ஆள்.

— அட, அது இப்ப ஞாபகத்துக்கு வருது. காலையில அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒண்ணு சொன்னா. நான் காதுல வாங்கிக்கல. படிக்கட்டுல அவளுக்குப் பின்னாடி நின்ன ஒருத்தர், அவ பேப்பரைச் சரக் சரக்னு புரட்டறதைப் பார்த்துட்டு, பேப்பரைப் பிரிச்சுத் தனித்தனியாப் பிடிச்சுக்கோம்மா, ஓரத்தைக் கொஞ்சம் மடிச்சு விட்டுக்கோ, புரட்டறப்ப மைக்குக்குக் கீழ கொண்டு போன்னு சொல்லிக் கொடுத்தாராம். யாருன்னு கேட்டேன். இருட்டு, கழுத்துல துணி சுத்தியிருந்தார், கிசுகிசுன்னு பேசினார்னு சொன்னா.

— அவர்தான்க்கா ஆந்தை.

— அப்படின்னா என் தலையே வெடிச்சுடும். நம்ம ஆள் ஒருத்தர், புதுசா வர்றவங்க நாள்ல திருட்டுத்தனமா உள்ள வர்றார். போட்டிக்கு நிக்கற பொண்ணுக்கே தொழில் சொல்லித் தர்றார். எல்லாரையும் ஜெயிக்கறார். அப்புறம் வரவே மாட்டேங்கறார். இது எந்த ஊர் கணக்கு? கெடுக்க வந்தாரா, கொடுக்க வந்தாரா?

— தலைவரே, இதை இவ்வளவு போட்டுக் குழப்பிக்க வேண்டாம். மத்தியானம் ஆகப் போகுது. மைனாவைக் கூப்பிடுங்க. வேலையை அவகிட்ட கொடுங்க.

— யாருக்கு?

— மைனாவுக்கு.

— அண்ணே, நீங்களா பேசறது?

— நான்தான் பேசறேன்.

— மைனா புது ஆளுண்ணே. கார்டு இல்ல. ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பர் கூப்பிடற வேலை. நாள் பூரா அடுத்தவங்க பேரையே கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்க்கா, ஒரு தடவை என் பேரை யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு வந்தேன்னு சொன்னா. இப்படிப்பட்டவங்க யாரும் வரக் கூடாதுன்னுதானே தீர்மானம் எழுதியிருக்கீங்க?

— எழுதினேன். அது வேற, இது வேற.

— நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஆந்தைக்கே கொடுக்கலாம்னு இருக்கு. பழைய ஆளா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நாம கேட்டது குரலை. குரல் ஜெயிச்சுது. யாரா இருந்தாலும் வாங்கன்னு மறுபடி ஒட்டிட்டா அவர் வெக்கத்தை விட்டுட்டு வருவார்.

— கூடாது.

— ஏன் கூடாது?

— கீழ பெஞ்சுல உக்காந்திருக்கற பொண்ணுகிட்ட என்ன சொல்லுவீங்க? கதவைத் தொறந்தோம்மா, ஆனா நாங்களே முதல்ல புகுந்துட்டோம், மன்னிச்சுக்கோன்னா?

— அண்ணே...

— அந்த ஆளுக்குப் புத்தி இருந்தா வர மாட்டான். வந்த வேலை முடிஞ்சிருக்கும், போயிட்டான். அவனைத் தேடி அலைய வேண்டாம். கம்பெனிக்கு மைனா பேரைச் சொல்லுங்க. மூச்சு விடறதை நாலு நாள்ல சரி பண்ணிடலாம். நானே உக்காந்து சரி பண்ணித் தர்றேன்.

— நீங்களா?

— ஏன், எனக்கு மூச்சு விடத் தெரியாதா?

— இல்லண்ணே, எனக்கு ஒண்ணுமே புரியல. போன வாரம் மேசையைத் தட்டி, நான் உசிரோட இருக்கற வரைக்கும் ஒரு புது ஆள் உள்ள வர முடியாதுன்னீங்க. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. இன்னைக்கு அவளுக்குப் பாடம் எடுக்கறேங்கறீங்க. உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?

— நல்லாத்தான் இருக்கேன். தலைவரே, அந்தத் தீர்மானம்...

— அது வேறயா? சொல்லுங்க.

— அதை நான் எடுத்துட்டேன்.

— எங்க எடுத்துட்டீங்க?

— இப்பதான், இந்த நிமிஷம் திரும்ப எடுத்துட்டேன். சாயங்காலம் வராது. கையெழுத்துப் போட்டவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் நீங்க செய்யணும். அடுத்த தடவை குரல் நாள் வைக்கறப்ப, உள்ள இருக்கறவங்களுக்கும் ஒண்ணு வைங்க. தனியா. பேர் இல்லாம, முகம் இல்லாம. வில்லன் பேசறவன் அப்பாவுக்குப் பேசிப் பார்க்கட்டும். அழுகைக்குன்னே வெச்சிருக்கற அம்மா ஒருத்தி சிரிச்சுப் பார்க்கட்டும். எங்களுக்கும் வெளிய நிக்கறது எப்படி இருக்கும்னு தெரியும். நாங்க உள்ள வந்துட்டோம், சரி. வந்த இடத்துலயே நின்னுட்டோம்.

— இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே. ஒரு வருஷமா என்கூட மல்லுக்கட்டினதுக்கு இதை ஒரு நாள் சொல்லியிருந்தா...

— எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது.

— நேத்து என்ன ஆச்சு?

— நேத்து... நேத்துதான் மாடியிலேர்ந்து விழுந்தேனே. விழறப்ப யோசிச்சேன்.

— உங்களை என்னன்னு சொல்றது. சரி. நான் கம்பெனிக்கு மைனா பேரைச் சொல்லிடறேன். மனசு கேக்கலதான். அந்தக் குரலை விட்டுக் கொடுக்கணுமே. ஆனா நீங்க சொல்றதுதான் நியாயம். நான் யாருக்காகக் கதவைத் தொறந்தேனோ அவ கீழ உக்காந்திருக்கா. தம்பி, அந்தப் பொண்ணை மேல வரச் சொல்லிப் போன் போடு.

— போட்டுட்டேன்க்கா. வர்றாங்களாம். ஆந்தை ரெக்கார்டிங்கை என்ன பண்றது?

— அழிச்சுடு தம்பி.

— அண்ணே, அதை ஏன் அழிக்கணும்? இருந்துட்டுப் போகட்டும்.

— வேண்டாம் தலைவரே. இருந்தா நீங்க தினமும் போட்டுக் கேப்பீங்க. அந்தப் பொண்ணு பேசறப்பல்லாம் இதோட ஒப்பிட்டுப் பார்ப்பீங்க. அவளுக்கு அது பாவம். அழிச்சுடு தம்பி. அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை போடு. நான்தான் இன்னும் கேக்கவே இல்லையே.

— அப்படி வாங்க வழிக்கு. போடு தம்பி. நானும் கடைசியா ஒரு தடவை கண்ணை மூடிக் கேட்டுக்கறேன். அண்ணே, நீங்களும் கண்ணை மூடிக்கோங்க. அப்பதான் தெரியும்.

— ‘கதவு திறந்தே இருந்தது. ஆனாலும் அவன் தட்டினான்.’

— அக்கா, படிக்கட்டுல சத்தம் கேக்குது. அந்தப் பொண்ணு வந்துட்டாங்க.

— நிறுத்து தம்பி. அவ காதுல இது விழ வேண்டாம். பாவம், பயந்துடுவா.

— ‘உள்ளிருந்து யாரும் வரவில்லை. திறந்திருக்கும் கதவைத் தட்டுகிறவனுக்கு யார் வந்து திறப்பார்கள்? கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, சொந்த வீட்டுக்குள் விருந்தாளியைப் போல நுழைந்தான்.’

— தம்பி, நிறுத்துன்னு சொன்னேன்ல?

— அக்கா, கண்ணைத் தொறந்து பாருங்க. நான் அப்பவே நிறுத்திட்டேன்.